கோவளத்தில் ஒரு 'பப்'!

தலைப்பைப் பார்த்ததும் நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு வந்தவர்கள் மன்னிக்கவும். இந்தக் கட்டுரையில் இஞ்சி டீயைவிடக் காட்டமான சரக்கு எதுவும் கிடையாது. 'காலம் கெட்டுப் போச்சு' என்று முணுமுணுத்தபடி அடுத்த பக்கத்துக்குப் போகப் பார்த்தவர்களும் நில்லுங்கள். உங்களுக்கும் இஞ்சி டீதான்.

விஷயம் இதுதான். என் பள்ளிக்கூடத் தோழன் ஒருவன் லண்டனிலிருந்து லீவில் வந்திருந்தான். தாம்பரத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே வாத்தியாரிடம், ஒரே பிரம்பால் அடி வாங்கியவர்கள் நாங்கள். அவன் இன்ஜினீயரிங் படித்து லண்டன் போனான். நான் பி.காம். படித்துப் பத்திரிகைகளுக்கு எழுதப் போனேன். (இந்த இரண்டு வாக்கியங்களில் முதல் வாக்கியத்தை மட்டும்தான் என் அப்பா ஊரில் சொல்லுவார்!) வசதிக்காக அவனை 'லண்டன்' என்றே கூப்பிடுவோம்.

வந்த மூன்றாம் நாள் லண்டன் கேட்டான்: "மாப்ளே, உங்க ஏரியாவுல ஒரு நல்ல பப் இருந்தா சொல்லேன்."

"தாம்பரத்துல பப்பு மம்மு தெரியும். பப் தெரியாது" என்றேன்.

உண்மையைச் சொன்னால், தமிழ்நாட்டில் அவன் கேட்ட மாதிரி தெருமுனை பப் சட்டப்படியே சாத்தியமில்லை. கள்ளுக்கடையை 1987-லேயே மூடியாகிவிட்டது. 1983-ல் ஆரம்பித்த டாஸ்மாக் நிறுவனம், 2003 நவம்பர் 29 முதல் சில்லறை வியாபாரத்தையும் தானே எடுத்துக்கொண்டது. நட்சத்திர ஓட்டல்களிலும் கிளப்புகளிலும் பார் இருக்கிறது. ஆனால் பாட்டி ஒரு பக்கம், நாய் ஒரு பக்கம், நடுவில் பக்கத்து வீட்டுக்காரர் என்று உட்கார்ந்து ஊர்க்கதை பேசும் இடமா அது? டாஸ்மாக் பாரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். உள்ளே தெரிந்தவர் யாராவது இருந்தால் நாம் தூணுக்குப் பின்னால் போவோம். அவர் ஏற்கெனவே அங்கேதான் நின்றுகொண்டிருப்பார்.

"எனக்குக் குடி வேணாம்டா. அங்கேயே நான் லெமனேட்தான் குடிப்பேன்" என்றான் லண்டன்.

"அப்புறம் எதுக்குடா பப்?"

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னான். அவன் இருக்கும் தெருமுனையில் ஒரு பப் இருந்ததாம். கடைக்கார அம்மாவுக்கு அறுபது வயசிருக்கும். அவன் குடி போன முதல் குளிர்காலத்தில் ஜுரம் வந்து மூன்று நாள் படுத்துவிட்டான். நாலாம் நாள் வாசல் மணி அடித்திருக்கிறது. திறந்தால் அந்த அம்மா, கையில் சூப்போடு! "லெமனேட் ஆள் மூணு நாளா வரலையேன்னு பார்க்க வந்தேன்" என்றாராம்.

"போன வருஷம் அந்த பப்பை மூடிட்டாங்கடா. ஃபிளாட் கட்டப் போறாங்க. இப்ப எனக்கு ஏதாவது ஆச்சுன்னா, மீட்டிங்குக்கு வரலைன்னு ஆபீஸ்ல கண்டுபிடிச்சாத்தான் உண்டு. அதுவும் வெள்ளிக்கிழமை ஆச்சுன்னா திங்கட்கிழமைதான் தெரியும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அவன் ஊரில் இது பெரிய பிரச்னைதான். 2000-ல் பிரிட்டனில் சுமார் 60 ஆயிரம் பப்கள் இருந்தன. இன்று 45 ஆயிரத்தை ஒட்டி நிற்கிறது. சூப்பர் மார்க்கெட்டில் பீர் மலிவு, வாடகை ஏறிவிட்டது, இங்கிலாந்தில் 2007 ஜூலையிலிருந்து பப்புக்குள் சிகரெட் கூடாது... இப்படிக் காரணங்கள். சில கிராமங்களில் ஊர்க்காரர்களே பங்கு போட்டு, மூடப்போன பப்பை விலைக்கு வாங்கி நடத்துகிறார்கள். நம்மூரில் கோயில் குளம் தூர்வார வசூல் பண்ணுகிற மாதிரி!

அமெரிக்க சமூகவியல் பேராசிரியர் ரே ஓல்டன்பர்க் 1989-ல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். வீடு முதல் இடம், ஆபீஸ் இரண்டாம் இடம். இரண்டிலும் சேராத, எழுந்து போனால் யாரும் ஏன் என்று கேட்காத, ஆனால் வராவிட்டால் ஏன் என்று கேட்கிற 'மூன்றாவது இடம்' ஒன்று மனுஷனுக்கு வேண்டும் என்பது அவர் கட்சி. பப், காபிக் கடை, முடிதிருத்தகம் எல்லாம் அந்தக் கணக்கில் வரும்.

"மூணாவது இடம்தானே? நாளைக்குக் காலைல நாலே முக்காலுக்கு ரெடியா இரு" என்றேன்.

"பப் அந்த நேரத்துக்கா திறக்கும்?"

"இது திறக்கும்."

* * *

தாம்பரத்திலிருந்து வண்டலூர் போய், மிருகக்காட்சி சாலைப் பக்கம் இடதுபுறம் திரும்பினால் கேளம்பாக்கம் ரோடு. அங்கிருந்து கிழக்கே பக்கிங்ஹாம் கால்வாயைத் தாண்டி, உப்பளங்களுக்கு நடுவே போனால் கோவளம். மொத்தம் சுமார் 30 கிலோமீட்டர். விடியற்காலையில் அந்தக் கடைசி ஐந்து கிலோமீட்டர் இருக்கிறதே, அதற்காகவே பைக் வாங்கலாம். இரண்டு பக்கமும் தண்ணீர். நடுவில் கறுப்பாய் ரோடு. சீசனில் வந்தால் கழிமுகத் தண்ணீரில் பூநாரைகள் ஒற்றைக் காலில் நிற்கும்.

பைக்கில் பின்னால் உட்கார்ந்தவருக்குச் சரித்திரம் சொல்வது எனக்கு ரொம்பப் பிடிக்கும். இறங்கி ஓட முடியாது பாருங்கள்!

"உங்க லண்டன் பப்புக்கும் கோவளத்துக்கும் 1752-லயே சம்பந்தம் உண்டு, தெரியுமா?" என்று ஆரம்பித்தேன்.

கோவளம் சாதாரண ஊர் இல்லை. ஆஸ்டெண்ட் கம்பெனி என்று, இன்றைய பெல்ஜியம் பக்கத்து வியாபாரிகள், 1720-களில் இங்கே பண்டகசாலை வைத்திருந்தார்கள். அப்புறம் ஆற்காடு நவாப் ஒரு கோட்டை கட்டினார். 1750-ல் ஒரு பிரெஞ்சுக் கப்பல் வந்து நின்றது. "எங்க ஆளுங்க பாதிப் பேர் நோயிலே போய்ட்டாங்க. மிச்சம் இருக்கறவங்களையாவது கரை இறக்க விடுங்க, புண்ணியமாப் போகும்" என்று கேட்டார்கள். கோட்டைத் தலைவரும் சம்மதித்தார். முப்பது நோஞ்சான் ஆசாமிகள் நீளக் கோட்டு போட்டுக்கொண்டு, முனகிக்கொண்டே கோட்டைக்குள் போய்ப் படுத்தார்கள். ராத்திரி எழுந்தார்கள். கோட்டுக்குள் ஆயுதம்! விடிந்தால் கோட்டை பிரெஞ்சுக்காரர் கையில்.

இரண்டு வருஷம் கழித்து அதைப் பிடிக்க வந்தவர் ராபர்ட் கிளைவ். அவருக்குக் கிடைத்த படை இருக்கிறதே... 200 வெள்ளைக்காரர்கள், 500 சிப்பாய்கள், எல்லாருமே புதுசு. அந்த 200 பேரும் லண்டனில் திருடர்கள் கூடும் மட்டமான சாராயக் கடைகளில் வலை வீசிப் பிடித்த ஆட்கள் என்று மெக்காலே எழுதியிருக்கிறார். கோட்டையிலிருந்து வந்த குண்டில் ஒரே ஒருவர் செத்தார். மிச்சப் பேர் திரும்பிப் பார்க்காமல் ஓட்டம்! இன்னொரு தடவை பீரங்கிச் சத்தம் கேட்டு ஓடிய காவல்காரர் ஒருவரைத் தேடியபோது, ஒரு கிணற்றுக்கு அடியில் இருந்தார். அப்படிப்பட்ட படையை வைத்துக்கொண்டே கிளைவ் கோட்டையைப் பிடித்து, இடித்தும் விட்டார். அந்தக் கோட்டை இருந்த இடத்தில்தான் தாஜ் குழுமத்தின் ஃபிஷர்மேன்ஸ் கோவ் ஓட்டல் 1974-லிருந்து இருக்கிறது.

"அதாவது, பப்புல உக்காந்திருந்தவங்களைக் கூட்டிட்டு வந்து கோவளத்துல இறக்கியிருக்காங்க. நீ ரெண்டாவது பேட்ச்" என்றேன்.

பின்னாலிருந்து பதில் இல்லை. தூங்கியிருந்தான்.

* * *

கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. ஊரில் 'பாய் கடை' என்று சொன்னால் போதும். ஓலையும் தகரமும் கலந்த கூரை. ஒரு பாய்லர். முன்னால் ஒரு நீள பெஞ்ச். பெஞ்சின் ஒரு கால் உடைந்து, அதற்குப் பதிலாக செங்கல் அடுக்கியிருக்கும். எதிரே கடல். நான் இரண்டு வருஷத்துக்கு முன்னால் அலைச்சறுக்கு பற்றி எழுத வந்தபோது கண்டுபிடித்த இடம். கட்டுரை முடிந்துவிட்டது. டீ முடியவில்லை. மாசத்துக்கு ஒரு தடவையாவது வந்துவிடுவேன்.

"வாங்க தம்பி! கூட யாரு, புதுசா?" என்றார் பாய். "லண்டன்லேர்ந்து" என்றேன். "அதுக்கென்ன, உக்காருங்க" என்றார். அவ்வளவுதான் மரியாதை. பெஞ்சில் இருந்தவர்கள் ஆளுக்கு அரையடி நகர்ந்து இடம் விட்டார்கள்.

கோவளம் ஒரு ஆச்சரியமான ஊர். தமீமுல் அன்சாரி தர்கா, கார்மேல் மாதா கோயில், குப்பத்து அம்மன் கோயில் எல்லாம் கூப்பிடு தூரத்தில். அந்த மூன்று இடத்துக்கும் போகிறவர்கள் இந்த ஒரு பெஞ்சில் உட்காருவார்கள். அன்றைக்கும் அப்படித்தான். ஃபைபர் போட்டில் தொழிலுக்குப் போய் வந்தவர்கள் இரண்டு பேர், நீரோட்டம் தெண்டியா வன்னியா என்று தகராறு பண்ணிக்கொண்டிருந்தார்கள். தர்காவுக்கு வந்த குடும்பத்தை இறக்கிவிட்ட வேன் டிரைவர் தந்தி பேப்பரைச் சத்தமாகப் படிக்க, பக்கத்தில் இருந்தவர் ஒவ்வொரு செய்திக்கும் தீர்ப்பு வழங்கிக்கொண்டிருந்தார். மேல்முறையீடு கிடையாது!

ஓரத்தில் பலகையை நிறுத்தி வைத்துவிட்டு அலைச்சறுக்குப் பையன்கள் மூன்று பேர். இந்தப் பையன்கள் கதை தனி. இந்த ஊர் மீனவர் மூர்த்தி மேகவன் தானே பழகி, ஊர்ப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்து, 2012 வாக்கில் அது ஒரு பள்ளிக்கூடமாகவே ஆனது. 2013-ல் முதல் அலைச்சறுக்கு விழா நடந்தது. அங்கே ஒரு கண்டிப்பான விதி உண்டு. குடி கூடாது, புகை கூடாது. அலை மட்டும்தான். 2021-ல் கோவளம் கடற்கரைக்குச் சர்வதேச நீலக்கொடி அந்தஸ்து கிடைத்தது, நிஜம்தான். ஆனால் அதற்கு முன்பே இந்தக் கரையை இரண்டாவது வீடாக்கிக்கொண்டவர்கள் இந்தப் பையன்கள்.

லண்டன் முதல் வாய் டீயைக் குடித்துவிட்டு, "ஆர்வெல் தெரியுமா?" என்றான்.

தெரியும். ஜார்ஜ் ஆர்வெல் 1946-ல் லண்டன் பேப்பர் ஒன்றில், தனக்குப் பிடித்த பப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பப்பின் பெயர் 'தண்ணீருக்கடியில் நிலா'. ஒரு நல்ல பப்புக்குப் பத்து லட்சணம் சொல்லி, கடைசியில் ஒரு குண்டு போட்டார். அப்படி ஒரு பப்பே கிடையாது, எல்லாம் என் கற்பனை என்று!

உட்கார்ந்த இடத்திலேயே பாய் கடையை ஆர்வெல் பரீட்சைக்கு உட்படுத்தினோம்.

பேச்சுக் கேட்கிற அளவுக்கு அமைதி வேண்டும், ரேடியோ கூடாது... பாய் கடை ரேடியோ 2015 வெள்ளத்தோடு வாயை மூடியது. பாஸ்! பரிமாறுகிறவருக்கு வாடிக்கையாளர் பெயர் தெரிய வேண்டும்... பாய்க்குப் பெயர் மட்டுமல்ல, யாருக்குச் சர்க்கரை, யாருக்குச் சர்க்கரை வியாதி என்பதும் தெரியும். டபுள் பாஸ்! தபால்தலை, ஆஸ்பிரின் கிடைக்க வேண்டும்... ஷாம்பு, பீடி, ஊதுபத்தி, தலைவலி மாத்திரை எல்லாம் உண்டு. தபால்தலைக்குப் பதில் செல்போன் ரீசார்ஜ். பாஸ்! தோட்டம் வேண்டும்... எதிரே வங்காள விரிகுடா. வேறென்ன வேண்டும்?

ஒரே ஒரு பாடத்தில் ஃபெயில். பெஞ்சில் ஒரு பெண்கூட இல்லை. கடைக்குப் பக்கத்திலேயே பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு மீன் விற்கும் ஆயா இருக்கிறார். முப்பது வருஷமாக இருக்கிறாராம். அவருக்கு டீ அங்கேயே போய்விடும். பெஞ்சுக்கு வரமாட்டார். "உங்க பப்ல எப்படி?" என்றேன். "ஒரு காலத்துல அங்கயும் பொம்பளைங்களுக்குத் தனி ரூம்தான்" என்றான் லண்டன். ஆக, இரண்டு ஊருக்கும் ஒரே மார்க்.

* * *

கல்லாவுக்கு மேலே ஒரு நீள நோட்டு தொங்கிக்கொண்டிருந்தது. கடன் நோட்டு. சுவரில் ஜிபே அட்டையும் ஒட்டியிருக்கிறது. ஆனால் கடலுக்குப் போய் வந்து, மீன் ஏலம் போன பிறகுதான் பலர் கையில் காசு. அதுவரைக்கும் நோட்டுதான். சுவாரஸ்யம் என்னவென்றால் பாய் அதில் எழுதுவதில்லை. குடித்தவரே எழுந்து போய், தன் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டுவிட்டு வருவார்.

"யாராவது போடாம போய்ட்டா?" என்று ஒரு தடவை கேட்டேன்.

பாய் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "போட்டுட்டாத்தான் தம்பி, நாளைக்கு வந்து உக்கார முடியும்."

பி.காம். படித்தவன் என்பதால் எனக்கு உடனே ஒரு பாடம் ஞாபகம் வந்தது. குட்வில்! ஒரு கடையின் நாற்காலி, மேஜை, சரக்கு எல்லாவற்றையும் கூட்டினால் வருவதைவிட அந்தக் கடைக்கு அதிகம் விலை கிடைக்கும். அந்த அதிகம்தான் குட்வில். கண்ணுக்குத் தெரியாது, கையால் தொட முடியாது, ஆனால் சொத்து. பார்ட்னர்ஷிப் கணக்கில் அதை எப்போது மதிப்புப் போடுவோம் தெரியுமா? எல்லாரும் சேர்ந்து நன்றாக நடக்கும்போது யாரும் அதைத் தொடுவதில்லை. ஒரு பார்ட்னர் விலகினாலோ, இறந்தாலோ 'குட்வில் எவ்வளவு?' என்று பேனாவை எடுப்போம். இதில் நான் வாங்கிய மார்க் 38. அர்த்தம் புரிந்தது அன்றைக்குத்தான்.

மணி ஆறு இருக்கும். பெஞ்சின் இடது ஓரத்தில், யாரும் உட்காராத இடத்தில், ஒரு கிளாஸ் டீ ஆடை படிந்து ஆறிக்கொண்டிருந்தது. லண்டன் பார்த்துவிட்டு, "இது யாருது?" என்றான்.

"பெருசு வருவாரு" என்றார் தெண்டிக்காரர். எண்பது தாண்டிய தாத்தா. கட்டுமரக் காலத்து ஆள். மனைவி போய்விட்டார், மகனுக்கு எண்ணூர்ப் பக்கம் வேலை. தனியாகத்தான் இருக்கிறார். தினமும் அஞ்சரைக்கு வந்து, அந்த ஓரத்தில் உட்கார்ந்து, கடலைப் பார்த்து நாலு வார்த்தை திட்டிவிட்டு டீ குடிப்பார். பாய் அஞ்சரைக்குக் கிளாஸை வைத்துவிடுவார். வழக்கம்.

பக்கத்திலிருந்து ஆயாவின் குரல் வந்தது. "யோவ் பாயி! பெருசு இன்னும் வர்லையே, பாத்தியா?"

பேப்பர் படித்தவர் நிறுத்தினார். தெண்டி, வன்னி இரண்டும் நின்றன. பெஞ்சு முழுக்க அந்தக் கிளாஸைப் பார்த்தது.

"நேத்து ராத்திரி நல்லாத்தானே இருந்தாரு..."

"நல்லாருந்தா வந்திருப்பாருய்யா! எவனாவது ஓடிப்போய் பாருங்கடா!" ஆயா கத்தியை வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

அலைச்சறுக்குப் பையன்களில் இரண்டு பேர் அதற்குள் பாதி தூரம் ஓடியிருந்தார்கள். ஐந்து நிமிஷத்தில் ஒருவன் மட்டும் திரும்பி வந்தான். மூச்சு வாங்கியது. "பின்னாடி வழுக்கி விழுந்துகீறாரு. இடுப்பைத் தூக்க முடியல. பேசறாரு. நாலு மணிலேர்ந்து கத்தினு இருந்தாராம், யாருக்கும் கேக்கல."

அதற்குப் பிறகு நடந்ததை மெதுவாகச் சொல்ல முடியாது, ஏனென்றால் மெதுவாக நடக்கவில்லை. யாரோ ஆட்டோவுக்கு ஓடினார்கள். "ஆட்டோ வேணாம், படுக்க வெச்சிக்கினு போணும்" என்று வேன் டிரைவர் சாவியை எடுத்தார். பாய் கல்லாவைத் திறந்து, இருந்த பணத்தை ஒரு ரூபாய்கூட விடாமல் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார். ஆயா மீன் கூடையை அப்படியே விட்டுவிட்டு வேனில் ஏறினார். பாய் ஏறப் போனவர் திரும்பி, எங்களைப் பார்த்தார்.

"தம்பி, கடையைக் கொஞ்சம் பாத்துக்கங்க."

வேன் போய்விட்டது!

* * *

நானும் லண்டனும் ஒருவரையொருவர் பார்த்தோம். ஒரு பி.காம்., ஒரு இன்ஜினீயர், கொதிக்கிற ஒரு பாய்லர். எதிரே கடலிலிருந்து அடுத்த போட் கரை ஏறிக்கொண்டிருந்தது. எட்டுப் பேர் நேராகக் கடைக்கு வந்தார்கள்.

"பாய் எங்க?"

சொன்னோம். "அப்டியா?" என்றார் ஒருவர். வேறு எதுவும் கேட்கவில்லை. ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு, பாய்லருக்குப் பின்னால் போய் நின்று, டீ ஆற்ற ஆரம்பித்துவிட்டார். பாயைவிட நன்றாக ஆற்றினார் என்பதை இங்கே ரகசியமாகச் சொல்லி வைக்கிறேன்.

லண்டனுக்கு கிளாஸ் கழுவும் வேலை. படிக்கும் காலத்தில் அங்கே ஒரு ரெஸ்டாரண்டில் பார்ட் டைமாகப் பாத்திரம் கழுவியிருக்கிறானாம். அனுபவம் வீண் போகவில்லை. எனக்குக் கல்லா. ஒரு பழைய அட்டையின் பின்பக்கத்தில் ரொக்கம், கடன் என்று இரண்டு காலம் போட்டு, ஒவ்வொரு கிளாஸுக்கும் கோடு போட்டேன். என் வாழ்க்கையிலேயே பட்டப்படிப்பு உபயோகப்பட்ட முதல் நாள்!

ஆயாவின் மீன் கூடையும் சும்மா இருக்கவில்லை. வந்தவர்களுக்கு இன்னொரு மீன்கார அம்மா, தன் மீனோடு சேர்த்து ஆயாவின் சங்கராவையும் விற்றார். காசைத் தனியாக ஒரு துணியில் முடிந்து ஆயாவின் பெட்டிக்கு அடியில் வைத்தார். அதைப் பார்த்தவர்கள் இருபது பேர் இருப்பார்கள். தொட்டவர் யாரும் இல்லை.

எட்டே முக்காலுக்கு வேன் வந்தது. முதலில் இறங்கிய ஆயா, "உயிரோடதான்கீறான் கெழவன். டாக்டரையே திட்றான்" என்றார். கடை முழுக்கச் சிரித்தது. இடுப்பெலும்பில் கீறலாம். ஆறு வாரம் படுக்கை. மகனுக்குப் போன் போய்விட்டது. "மதியம் வரைக்கும் விட்டிருந்தா இந்த வயசுக்குக் கஷ்டம்னாரு டாக்டர்" என்று பாய் மெதுவாகச் சொன்னார். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

நான் கணக்கை ஒப்படைத்தேன். மொத்தம் 61 டீ. நோட்டில் கோடு போட்டது 34. ரொக்கம் 27. டீ 15 ரூபாய் வீதம் கல்லாவில் இருக்க வேண்டியது 405 ரூபாய்.

எண்ணினோம். 2,315 ரூபாய் இருந்தது!

எனக்கு வேர்த்துவிட்டது. பி.காம். மானம் போகிறதே! மறுபடி எண்ணினேன். அதே 2,315. "எங்கேயோ தப்புப் பண்ணிட்டேன் பாய்..." என்று இழுத்தேன்.

பாய் நோட்டுகளைப் பார்த்தார். ஐம்பதும் நூறுமாக மடித்து மடித்துப் போட்டவை. டீ குடித்துவிட்டு யாரும் எதுவும் சொல்லாமல், நான் கோடு போடத் தலையைக் குனிந்திருந்த நேரத்தில், போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"தப்பு ஒண்ணும் இல்ல தம்பி. அது பெருசு கணக்கு" என்றார். தனியாக எடுத்து ஒரு டப்பாவில் வைத்தார். அப்புறம் இடது ஓரத்தில் ஆறிப்போயிருந்த அந்த கிளாஸை எடுத்துக் கொட்டிவிட்டு, நோட்டில் பெருசு பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டார்.

"குடிக்கவே இல்லையே பாய்?" என்றான் லண்டன்.

"கோடு போடலைன்னா வந்ததும் சண்டைக்கு நிப்பாரு. 'நான் வரலைன்னு முடிவு பண்ணிட்டியா'ன்னு!"

* * *

திரும்பி வரும்போது பைக்கில் லண்டன் தூங்கவில்லை. உப்பளம் வந்தபோது, "ஆர்வெல் லிஸ்ட்ல ஒண்ணு விட்டுட்டாருடா" என்றான். என்ன என்று நான் கேட்கவில்லை.

எனக்கு வேறொரு கணக்கு உதைத்துக்கொண்டிருந்தது. தாம்பரத்தில் நான் இருக்கும் அடுக்ககத்தில் 48 வீடுகள். லிஃப்ட் உண்டு, கேமரா உண்டு, ராத்திரி வாட்ச்மேன் உண்டு. என் எதிர் வீட்டில் ரிட்டயரான ஒரு சார் தனியாக இருக்கிறார். போன மாதம் அவர் நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார். எனக்குத் தெரிந்தது ஐந்தாம் நாள், வாட்ஸ்அப் குரூப்பில். கைகூப்பும் பொம்மை ஒன்றை அனுப்பினேன். என் கதவுக்கும் அவர் கதவுக்கும் நடுவே எட்டு அடி. அந்த எட்டு அடிக்குச் செய்தி இன்டர்நெட் வழியாகப் போயிருக்கிறது!

பாய் கடை பெஞ்சுக்குக் கேமரா கிடையாது. ஒரு கிளாஸ் ஆறினால் போதும், ஊருக்குத் தெரிந்துவிடும். அதைக் கண்டுபிடித்ததும், முப்பது வருஷமாக அந்த பெஞ்சில் உட்காராத ஒரு ஆயா. குட்வில்லில் நான் ஏன் 38 வாங்கினேன் என்று இப்போது புரிகிறது. அது கரும்பலகையில் சொல்லித்தருகிற பாடமே இல்லை.

லண்டனை அவன் வீட்டில் இறக்கிவிட்டு, மாடி ஏறி, என் கதவுக்கு முதுகைக் காட்டி நின்று, எதிர் வீட்டு மணியை அடித்தேன். உள்ளே டி.வி. சத்தம் நின்றது. சங்கிலி போட்டபடியே கதவு நாலு விரல்கடை திறந்தது.

"மெயின்டனன்ஸ் கட்டிட்டேனே சார்!" என்றார்.

"அதில்ல சார். சும்மாதான்... டீ போடப் போறேன். வர்றீங்களா?"

ரொம்ப நேரம் என்னைப் பார்த்தார். ஏதோ சீட்டுக் கம்பெனி ஆள் என்று நினைத்திருப்பார். அப்புறம் சங்கிலியை எடுக்கும் சத்தம் கேட்டது.

"சர்க்கரை இல்லாம" என்றார்.